125 கிராம் புளூபெர்ரி, 320 ரூபாய்

"ஆன்டி-ஆக்ஸிடன்ட் நிறைய இருக்காம்மா" என்று மகள் நச்சரித்ததால், பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் ஒரு டப்பா வாங்கினேன். பெரு நாட்டுச் சரக்கு.

மேலே பார்க்க அழகுதான். திருநீறு பூசியது போல வெள்ளைப் படலம். அது பழத்தின் இயற்கை மெழுகு, பயப்பட வேண்டாம். வீட்டில் கொட்டிப் பார்த்தால் அடியில் ஆறு பழம் நசுங்கல், இரண்டில் நிஜமான பூஞ்சை. டப்பாவைக் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்கியது என் தப்பு.

ருசி? ஒன்று இனிப்பு, அடுத்தது சப்பென்று. பாதியாகக் கடித்தால் உள்ளே வெளிர் பச்சை. நீலமெல்லாம் தோலில்தான், அந்த நிறமிதான் ஆந்தோசயனின், மகள் சொன்ன ஆன்டி-ஆக்ஸிடன்ட்களில் ஒன்று. நாவல் பழம் தின்றால் நாக்கு ஊதாவாவதும் இதே வகை நிறமியால்தான். ஆன்டி-ஆக்ஸிடன்ட் திறனைக் காட்டும் 'ஓராக்' (ORAC) எண் போட்டுப் பழங்களை வரிசைப்படுத்தும் பட்டியல்களை நம்ப வேண்டாம். சோதனைக் குழாயில் அளந்த எண் உடம்புக்குள் நடப்பதைச் சொல்லாது என்று அமெரிக்க வேளாண் துறையே 2012-ல் தன் பட்டியலை எடுத்துவிட்டது.

அப்புறம் உறைய வைத்த பாக்கெட் ஒன்றும் வாங்கினேன். விலை குறைவு, ஆந்தோசயனினும் பெரிதாகக் குறைவதில்லை. தயிரில் போட்டால் கத்தரிப்பூ நிறம். மகளுக்கு அதுதான் பிடித்தது.

டப்பாவுக்கு ஐந்தில் இரண்டு, பாக்கெட்டுக்கு மூன்றரை. ஆடியில் பஸ் ஸ்டாண்ட் தள்ளுவண்டியில் உப்புத் தூவிய நாவல் வந்துவிட்டால் இரண்டையும் தொட மாட்டேன்.