குளவி வளர்க்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

மீஞ்சூர்ப் பக்கம் கத்தரி போட்டிருக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "புழுவை ஒழிக்கிற ஒட்டுண்ணிக் குளவி இருக்கிற முட்டை அட்டையை ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்து வாங்குறேன். உங்களை மாதிரி நானே வளர்த்துக்கலாமா?" அந்துப்பூச்சி வளர்க்கக் கம்பு தானியம் போட்ட என் நான்கு பெட்டிகளையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்ட அன்றுதான் அந்தக் கேள்வி வந்தது. அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மாதவரத்தில் எங்கள் வீட்டில் 3 ஆண்டுகளாக ட்ரைக்கோகிரம்மா என்ற அந்தக் குளவியை வளர்க்கிறேன். குளவியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் உயிர். மனிதரைக் கொட்டாது. அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும்; புழு பிறப்பதற்கு முன்பே கதை முடிந்தது. மருந்து அடித்தால் புழு வந்த பிறகுதானே அடிக்கிறோம்? அட்டையில் ஒட்டிய வெளிர் அந்துப்பூச்சி முட்டைகள், குளவி உள்ளே முட்டை வைத்திருந்தால் நாலாம் நாள் கறுத்துக் கிடக்கும். 1 சிசி முட்டை என்றால் ஏறக்குறைய 18,000. அத்தனையும் கறுத்திருப்பதைப் பார்க்கும் காலையில் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். மாடியில் 20 கத்தரிச் செடி வைத்திருக்கிறேன். முன்பு பாதிக் காய் சொத்தையாகப் போகும். இப்போது கூடைக்கு ஒன்றிரண்டுதான்.

என் கோபமெல்லாம் அந்துப்பூச்சி மேல்தான். குளவி வளர்ப்பு என்று பெயர், ஆனால் செய்வது, குளவிக்கு முட்டை கொடுக்க கார்சைரா என்ற அரிசி அந்துப்பூச்சியை வளர்க்கும் வேலை. குளவிக்கு 8 நாள் போதும். அந்துப்பூச்சி வெளியே வர 40 நாள் ஆகும். செங்குன்றம் மண்டியில் கம்பு வாங்கி, உடைத்து, அதிலிருக்கும் வேறு பூச்சி சாகும்படி சூடாக்கி, பெட்டிக்கு இரண்டரைக் கிலோ போட்டு, 100 கிராம் நிலக்கடலைத் தூளும் கொஞ்சம் ஈஸ்ட்டும் கந்தகமும் கலக்க வேண்டும். பூச்சி வந்ததும் அதன் செதில் அறை முழுக்கப் பறக்கும். முகமூடி இல்லாமல் பிடித்தால் மூக்கும் தொண்டையும் அடைத்துக்கொள்ளும். என் மனைவிக்கு இழுப்பு வந்த பிறகுதான் எல்லாவற்றையும் கீழ் வீட்டிலிருந்து மாடிக்கு ஏற்றினேன். முட்டையைப் புறஊதா விளக்கில் காட்டாமல் விட்டாலும் வம்பு: குளவி தொடாத முட்டையிலிருந்து புழு வந்து மற்ற முட்டைகளைத் தின்றுவிடும். அக்னி நட்சத்திரத்தில் நனைத்த சாக்கு கட்டியும் அறை சூடு குறையாமல், குளவி சரியாகப் பொரியவே இல்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இந்த மாதம் வந்தது பிராக்கான். அதுவும் ஒட்டுண்ணிக் குளவிதான். தென்னையில் கருந்தலைப் புழுவுக்கு அதைத்தான் விடுகிறார்கள். பெட்டி மேல் கட்டிய காடாத் துணியில் ஒரு சின்னக் கிழிசல் இருந்திருக்கிறது. உள்ளே போய்ப் புழுக்களைக் கொட்டி மயக்கி, மேலேயே முட்டையிட்டுவிட்டது. நான் கவனிப்பதற்குள் நான்கு பெட்டியும் போய்விட்டது. தென்னந்தோப்பில் அதைப் பார்த்தால் கும்பிடுவேன். என் அறையில் அது கால் வைக்கக்கூடாது.

அதனால் நண்பரே, வளர்க்க வேண்டாம். அட்டையாகவே வாங்குங்கள். ட்ரைக்கோகிரம்மாவில் கத்தரிக்கு சைலோனிஸ் இனம் கேளுங்கள். ஜப்பானிக்கம் நெல் தண்டுத் துளைப்பானுக்கு. கறுத்த அட்டையைக் கையில் வாங்கியதும் எப்போது பொரியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். துண்டாக வெட்டி, வெயில் ஏறுவதற்கு முன் இலையின் அடிப்பக்கம் கட்டுங்கள். கட்டுகிற நூலில் விளக்கெண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் எறும்பு ஒரே இரவில் தின்றுவிடும். அந்த வாரம் பக்கத்து வயலில் மருந்து அடிக்கிறார்களா என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.