பக்கவாத வார்டுக்கு ஜூனியர்களைப் பழக்க: போபாத்தா, டாஸ்க் பயிற்சியா?

போன வருஷம் எங்கள் பிசியோதெரபி பிரிவுக்குப் பயிற்சிச் செலவுக்கென்று ஒரு தொகை கிடைத்தது. புதிதாகச் சேர்ந்த ஜூனியர்கள் மூன்று பேர். ஒருவரை மட்டும் வெளியூருக்கு போபாத் கோர்ஸுக்கு அனுப்பலாம். அல்லது அதே பணத்தில் மூன்று பேருக்கும் வார்டிலேயே டாஸ்க் பயிற்சி கொடுக்கலாம். நான் இரண்டாவதை எடுத்தேன். நானும் போபாத் கோர்ஸ் முடித்தவள்தான். அதன் அருமை தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போபாத் முறை 1940களில் லண்டனில் பெர்த்தா போபாத்தும் அவர் கணவர் கரேலும் தொடங்கியது. அங்கே சிகிச்சையாளரின் கைதான் கருவி. நோயாளியின் தோளையும் இடுப்பையும் பிடித்து, இறுக்கத்தைத் தளர்த்தி, அசைவைச் சரியான வழிக்குக் கொண்டுவர வேண்டும். டாஸ்க் பயிற்சி, 1980களில் சிட்னியில் ஜேனட் காரும் ராபர்ட்டா ஷெப்பர்டும் வகுத்த வழியில் வருவது. எழுந்து நிற்க வேண்டுமா, எழுந்து நிற்பதையே பழக்கு. டம்ளர் பிடிக்க வேண்டுமா, டம்ளரையே கொடு. செலவிலும் நாள் கணக்கிலும் இதுதான் சுலபம். போபாத் அடிப்படை கோர்ஸுக்கே ஏறக்குறைய மூன்று வாரம் வார்டை விட்டுப் போக வேண்டும்.

பலன் எப்படி? நார்வேயில் 61 நோயாளிகளை வைத்து இரண்டையும் ஒப்பிட்டு 2000இல் ஓர் ஆய்வு வந்தது. சிட்னி முறையில் பழகியவர்கள் சராசரியாக 21 நாளில் மருத்துவமனையை விட்டு வீடு திரும்பினார்கள். போபாத் பக்கம் 34 நாள். ஆனால் நான்கு வருஷம் கழித்துப் பார்த்தபோது இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் இதை மட்டும் நம்பி நான் முடிவெடுக்கவில்லை.

நான் பார்த்தது வேறு ஒன்றை. பயிற்சி முடிந்து ஆறு மாதம் போன பிறகு ஜூனியரின் கையில் என்ன மிஞ்சியிருக்கும்?

போபாத்தில் எல்லாமே தொட்டு உணரும் வித்தை. தோள்பட்டை எலும்பின் மேல் உள்ளங்கையை எங்கே வைப்பது, எவ்வளவு அழுத்துவது, எந்த நொடியில் கையை எடுப்பது என்று கோர்ஸில் பயிற்றுநர் என் கையின் மேல் தன் கையை வைத்துத் திருத்தினார். ஊருக்குத் திரும்பிய பிறகு திருத்த யாரும் இல்லை. ஒரு வருஷத்தில் என் பிடி மாறிப்போயிருந்தது. மறுபயிற்சிக்குப் போனபோதுதான் அது தெரிந்தது. அப்புறம், கோர்ஸ் முடித்தவர் வெளிநாட்டு வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டால் அந்த வித்தையும் அவரோடு போய்விடும். பக்கத்து ஊரில் ஒரு பிரிவுக்கு அப்படித்தான் ஆனது.

டாஸ்க் பயிற்சியில் எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்காவில் கேத்தரின் லாங் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிகிச்சை வேளையில் நோயாளி கையால் செய்த பயனுள்ள அசைவு சராசரியாக 32 தடவைதான். திரும்பத் திரும்பச் செய்தால் மூளை மாறுகிறது என்று விலங்குகளிடம் காட்டிய சோதனைகளிலோ அது நூற்றுக்கணக்கில். மறு வருஷமே அதே குழு, ஒரு மணி நேரத்தில் 300 தடவைக்கு மேல் செய்யவைக்க முடியும் என்று காட்டியது.

நாங்கள் மூன்று ஜூனியர்களுக்கும் விரலில் மாட்டும் ஜபக் கவுண்டர் வாங்கிக் கொடுத்தோம். முதல் நாள் ஒரு பையன், "நூறாவது இருக்கும் மேடம்" என்றான். கவுண்டரில் 38. நான் ஒன்றும் சொல்லவில்லை, அந்த எண்ணைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொன்னேன். மூன்றாவது வாரத்தில் 200ஐத் தொட்டான்.

அவனிடம் இருந்தவர் பூக்கட்டும் ஓர் அம்மா. பக்கவாதம் வந்து நாலு மாதம், வலது கை. "கரன்ட் வைக்க மாட்டீங்களா தம்பி?" என்றுதான் தினமும் கேட்பார். எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கிண்ணத்தில் போடுவதில் தொடங்கி, நெல்லிக்காய், சுண்டைக்காய், கடைசியில் மல்லிகை மொட்டு. விதி ஒன்றுதான்: வரிசையாக 30 தடவை நழுவாமல் எடுத்தால் பொருளைச் சின்னதாக்கு, பாதிக்கு மேல் நழுவினால் பெரிதாக்கு. சுவரில் ஒட்டிவைத்திருக்கிறோம். நான் லீவில் இருந்தாலும் அது அங்கே இருக்கிறது, புதிதாக வருகிறவரும் படித்துக்கொள்ளலாம்.

வீட்டாருக்கே சொல்லிக்கொடுத்துவிட்டால் போதாதா என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் அதைச் செய்து பார்த்து 2017இல் முடிவு வெளியானது. ஆறு மாதம் கழித்து, இறப்பிலோ பிறரைச் சார்ந்திருப்பதிலோ குறைவு தெரியவில்லை. வீட்டார் வேண்டும்தான், ஆனால் பிசியோவைப் பழக்கும் செலவை அதைச் சொல்லி மிச்சம் பிடிக்க முடியாது.

போபாத்திலிருந்து ஒன்றை மட்டும் நான் விடவில்லை: தோளைப் பிடிக்கும் விதம். வேறொரு இடத்திலிருந்து வந்த ஒருவரை, விழுந்த கையைப் பிடித்து இழுத்தே தினமும் கட்டிலில் உட்கார வைத்திருக்கிறார்கள். வலி தாங்காமல் கையைத் தொடவே விடவில்லை அவர். டம்ளரைக் கொடுத்து என்ன பயன்?

கை துளியும் அசையாதவர்கள் விஷயத்தில் மட்டும் அழுத்திச் சொல்லத் தயங்குகிறேன். நல்ல கைக்கு உறை மாட்டி, வராத கையையே வேலை வாங்கும் முறையை 2006இல் பெரிய அளவில் சோதித்தபோதும், மணிக்கட்டும் விரல்களும் 10 டிகிரியாவது நிமிரக்கூடியவர்களைத்தான் சேர்த்தார்கள். அந்த அளவுகூட வராதவர்கள் எங்களிடம் இந்த வருஷம் ஐந்தாறு பேர்தான். அவர்களுக்கு என் பழைய போபாத் பிடிதான் கைகொடுத்தது போலத் தோன்றியது. அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுத்த மாதம் இன்னும் இரண்டு பேர் சேருகிறார்கள். முதல் இரண்டு நாள் தோளும் கட்டிலிலிருந்து எழுப்புவதும் மட்டும், ஒருவர் மேல் ஒருவர் செய்து பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் கவுண்டரைக் கையில் கொடுப்போம்.