பாமாயில் கழிவுக்கு இந்த சூப்பர்கிரிட்டிக்கல் கருவி சரிப்படுமா?

எங்கள் ஆய்வகத்தில் ஓடுவது, அழுத்தமேற்றிய கார்பன் டை ஆக்சைடால் எண்ணெயைக் கரைத்துப் பிரித்தெடுக்கும், ஒரு லிட்டர் கொள்கலன் கொண்ட மேசைக் கருவி. மூலிகை எண்ணெய், மசாலா எண்ணெய் எடுப்பவர்கள் வாங்குகிற அதே ரகம்தான். நாங்கள் அதில் போடுவது எண்ணெய்ப்பனைப் பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரும், ஆலைக் கழிவுநீரின் மேல் மிதக்கும் எண்ணெய்க் கசடும். பிரித்தெடுக்கும் வேலையில் இதைக் குறை சொல்லவே முடியாது. வெளியேறும் குழாயைத்தான் யோசிக்காமல் செய்திருக்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 31 டிகிரி செல்சியஸையும் 74 பார் அழுத்தத்தையும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) தாண்டினால் கார்பன் டை ஆக்சைடு வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல், வாயுபோல நாருக்குள் புகுந்து திரவம்போல எண்ணெயைக் கரைக்கும்; இந்த நிலைதான் சூப்பர்கிரிட்டிக்கல். எண்ணெயிலிருந்து பிரிந்து தனித்திருக்கும் கொழுப்பு அமிலங்கள் முழு எண்ணெயைவிடச் சுலபமாக இதில் கரைபவை. அதனால் 150 பார் அளவில் நிறுத்தினால் அமிலம் முந்திக்கொண்டு வருகிறது. எண்ணெயில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. 300 பாருக்கு ஏற்றியதும் சேகரிப்புக் குடுவையில் விழுவது வெளிர் மஞ்சளிலிருந்து ஆரஞ்சாக மாறும். நாரில் ஒட்டியிருந்த கரோட்டின் என்ற ஆரஞ்சு நிறமி அப்போதுதான் இறங்குகிறது. வழக்கமான கரைப்பானான ஹெக்சேனில் ஊறவைத்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் வரும். பிறகு ஹெக்சேனை ஆவியாக்கி நீக்க வேண்டும், தீப்பிடிக்கும் பயம் வேறு. அழுத்தத்தை மட்டும் திருப்பி இப்படிப் பிரிக்க முடிவது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிற விஷயம்.

வெப்பக் கட்டுப்பாடும் பிசகுவதில்லை. 150 பாரில் 40 டிகிரி 60 ஆகிவிட்டால் கார்பன் டை ஆக்சைடின் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 780 கிலோவிலிருந்து 600க்கு இறங்கிவிடும். கரைக்கும் பலமும் கூடவே போய்விடும். இந்தக் கருவியில் அந்தத் தொல்லை வந்ததில்லை.

இனி குறை. அழுத்தம் சட்டென்று குறையும் இடத்தில் வால்வு கடுங்குளிராகும். மசாலா எண்ணெய் அதைத் தாங்கும். ஆனால் பாமாயிலில் நிறைய இருக்கும் கொழுப்பு அமிலமான பால்மிட்டிக் அமிலத்தின் உருகுநிலை 63 டிகிரி! வால்வின் உடம்புக்கு மட்டும் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து குடுவைக்குப் போகும் மெல்லிய குழாய் வெறுமனே கிடக்கிறது. அதற்குள் உறைந்த நெய்போல அடைத்துக்கொள்கிறது, ஓட்டம் நிற்கிறது. விற்றவர்களைக் கேட்டால் வால்வைக் கழுவுங்கள் என்பதோடு சரி. கடைசியில் நாங்களே சூடேற்றும் நாடாவைக் குழாய் முழுக்கச் சுற்றிய பிறகுதான் தடையில்லாமல் ஓடுகிறது.

ஈரமும் பெரிய எதிரி. ஆலைக் கழிவுநீரில் சுமார் 95 சதவீதம் தண்ணீர்தான். அதை அப்படியே ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாரையும் நன்றாக உலர்த்திப் பொடித்துப் போட்டால்தான் விளைச்சல் தெரியும்.

நாரிலிருந்து கரோட்டின் மட்டும் போதும் என்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். கொழுப்பு அமிலம்தான் குறி என்றால், வால்வு முதல் குடுவை வரை சூடேற்றிய குழாய் வேண்டும் என்று விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள்.