அப்பாவைத் தூக்கிய மூன்று இயந்திரங்கள்

பக்கவாதம் வந்து அப்பா படுத்தபோது அவருடைய எடை 78 கிலோ. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்பில் நாற்பது வருடம் மண்வெட்டி பிடித்த உடம்பு. வலப்பக்கம் செயலிழந்த பிறகும் கனம் குறையவில்லை. முதல் ஒரு மாதம் போர்வையின் நான்கு மூலைகளைப் பிடித்து நான்கு பேர் தூக்கினோம்: நான், என் மனைவி, அம்மா, பக்கத்துத் தோட்டத்துப் பையன். நோயாளியைக் கையால் தூக்க ஓர் ஆளுக்கு அமெரிக்காவின் நியோஷ் என்ற அரசு நிறுவனம் சொல்லும் வரம்பு 35 பவுண்டு, ஏறக்குறைய 16 கிலோ. எங்கள் நால்வருக்கும் சமமாகப் பங்கு போட்டாலும் தலைக்குப் பத்தொன்பதரை கிலோ வந்தது. சமமாகவும் வரவில்லை, தோள் பக்கம் நின்றவருக்குத்தான் பாரம் முழுவதும். ஐந்தாவது வாரம் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வீட்டில் இரண்டு நோயாளிகள்.

அதன்பிறகு எட்டு மாதங்களில் மூன்று கருவிகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. கைப்பிடியை ஆட்டித் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்டர் வாடகைக்கு வந்தது. முதுகுப்புறம் கதவுபோல இரண்டாகத் திறக்கும் ட்ரான்ஸ்ஃபர் நாற்காலியை உறவினர் இரவல் தந்தார். பேட்டரியில் ஓடும் எலக்ட்ரிக் லிஃப்டரைக் கடைசியாக விலைக்கு வாங்கினோம். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். அதனால் எதைப் பார்த்தாலும் எங்கே தேயும், எங்கே ஒழுகும் என்றுதான் முதலில் கண் போகும். இந்த அலசலிலும் அந்தப் பழக்கம் தெரியும்.

எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால் டேப் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் குனிய வேண்டும். இரண்டு லிஃப்டர்களுமே கால்களைக் கட்டிலுக்கு அடியில் நுழைத்துத்தான் நிற்கும். சக்கரத்தோடு சேர்த்து அந்தக் கால்களின் உயரம் பெரும்பாலும் 11, 12 சென்டிமீட்டர் இருக்கும். அடியில் பெட்டி வைத்த கட்டில் என்றால் அங்கேயே கதை முடிந்தது. எங்களுடையது பழைய தேக்குக் கட்டில். உயரம் தாராளம், ஆனால் நடுவில் குறுக்குச் சட்டம் ஒன்று தரையோடு ஓடியது. தச்சரை வைத்து அதை அறுத்து மேலே ஏற்றிப் பொருத்திய பிறகுதான் லிஃப்டர் உள்ளே போயிற்று. கடையில் யாரும் இதைக் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஹைட்ராலிக்குக்கும் எலக்ட்ரிக்குக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான்: விரியும் கால்கள், நிமிர்ந்த தூண், அதில் மேலும் கீழும் ஆடும் கை, கையின் நுனியில் கொக்கிச் சட்டம், அதில் மாட்டும் ஸ்லிங் என்ற துணி. அப்பாவுக்குப் பேச்சு கொஞ்சம் திரும்பியபோது அதைப் பார்த்து முதலில் சொன்ன வார்த்தை "ஏற்றம்". கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தை நேரில் பார்த்த தலைமுறை அவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

ஹைட்ராலிக்கில் கைப்பிடியை ஆட்ட ஆட்டக் கை ஏறும். அடியிலுள்ள குமிழைத் திருகினால் எண்ணெய் திரும்பிப் போய்க் கை இறங்கும். பேட்டரி இல்லை, வயர் இல்லை. கார் ஜாக்கியைப் பார்த்த மெக்கானிக் எவரும் கழற்றிப் பார்க்கலாம். எலக்ட்ரிக் ஒன்றின் விலைக்கு இதில் ஏறக்குறைய இரண்டு வாங்கலாம் என்ற கணக்கில்தான் எங்களுக்குக் கடைகளில் விலை சொன்னார்கள். இவ்வளவு கேட்டால் ஹைட்ராலிக்தான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

தூக்குவதில் பிரச்சினை இல்லை, இறக்குவதில்தான். குமிழைக் கால் சுற்றுக்கும் குறைவாக, மயிரிழை மயிரிழையாகத் திறக்க வேண்டும். ஒருநாள் மதியம் அம்மா தனியாக இருந்தபோது பதற்றத்தில் முழுச் சுற்று சுற்றிவிட்டார். அப்பா கட்டிலில் தொப்பென்று விழுந்தார். மெத்தை இருந்ததால் அடி இல்லை, ஆனால் அதற்குப் பிறகு பத்து நாள் அந்தக் கொக்கியைக் கண்டாலே இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் தூக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு கை கைப்பிடியில் இருந்தால் நோயாளியைப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். பக்கவாதம் வந்தவருக்குச் செயலிழந்த கை வெளியே தொங்கக் கூடாது. தோள் மூட்டு ஏற்கெனவே தளர்ந்திருக்கும், இழுபட்டால் நழுவிவிடும். அந்தக் கையை வயிற்றின்மேல் வைத்துப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். எலக்ட்ரிக்கில் ரிமோட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்துக்கு எதிரே நிற்கலாம். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தலாம். தூண் பக்கம் குனிந்து கைப்பிடி ஆட்டுகிறவருக்கு அவர் முகம் தெரியாது. விலைப் பட்டியலில் இல்லாத இந்த வித்தியாசம்தான் கடைசியில் எங்கள் முடிவைத் தீர்மானித்தது.

வாடகைக்கு வந்த ஹைட்ராலிக்கில் வேறொரு கோளாறும் இருந்தது. தூக்கி நிறுத்தியபின் தானாகவே இறங்கும். ஸ்லிங்கில் உட்கார்ந்தபடி அப்பா மெல்ல மெல்லக் கீழே வந்துகொண்டிருப்பார். எண்ணெயைக் கசியவிடாமல் பிடிக்கும் வளையமான பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கும், அல்லது வால்வில் தூசி உட்கார்ந்து முழுதாக மூடாமல் இருக்கும். வாடகைக்குத் தந்தவரிடம் சொன்னபோது, "எல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்றார். இருக்காது. சீல் நன்றாக இருந்தால் கை நின்ற இடத்தில் நிற்கும். ஆட்டும்போது கைப்பிடி பஞ்சுபோல அமுங்கினால் அது வேறு விஷயம்: எண்ணெய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் குமிழைத் திறந்துவைத்துப் பத்து முறை ஆட்டினால் பெரும்பாலும் வெளியேறிவிடும். எண்ணெய் குறைந்தால் ஹைட்ராலிக் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றினால் இருக்கிற சீலும் போய்விடும்.

எலக்ட்ரிக் என்றதும் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கரண்ட் போனால் அந்தரத்தில் தொங்குவாரா? மாட்டார். தூக்குவது பேட்டரி, சுவர் மின்சாரம் அதைச் சார்ஜ் செய்ய மட்டும்தான். பேட்டரியே தீர்ந்தாலும் கையால் இறக்குவதற்கென்று மோட்டாரின் மேல்பகுதியில் ஓர் அவசர வழி வைத்திருப்பார்கள். வாங்கும் அன்றே அதை இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். ஆபத்து வந்தபிறகு கையேட்டைப் புரட்ட நேரம் இருக்காது. பெரும்பாலான மாடல்களில் மோட்டார் மேலே தள்ளத்தான் செய்யும், கீழே அழுத்தாது. பாரத்தின் கனத்தில்தான் கை இறங்கும். கீழே யாருடைய கால் இருந்தாலும் நசுக்காமலிருக்க அந்த ஏற்பாடு.

எலக்ட்ரிக்கின் பலவீனம் பேட்டரிதான். ஈய அமிலப் பேட்டரியை வெறுமையாகப் போட்டு வைத்தால் செத்துவிடும். வாரம் ஒரு முறை சார்ஜில் போட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. அம்மா இரவு படுக்கப் போகும்முன் தன் செல்போனோடு சேர்த்து அதையும் சார்ஜில் போட்டுவிடுகிறார். பிறகு அந்தச் சிவப்புப் பொத்தான். அவசரத்துக்கு நிறுத்துவதற்காக வைத்தது. துடைக்கும்போது கை பட்டு உள்ளே போய்விடும். அப்புறம் எதுவும் வேலை செய்யாது, சில மாடல்களில் சார்ஜும் ஏறாது. முதல் மாதம் கோயம்புத்தூரிலிருந்து மெக்கானிக் வேலந்தாவளம் வழியாக வண்டி ஓட்டி வந்து, அந்தப் பொத்தானைத் திருகி வெளியே எடுத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார். நான் தொழிற்சாலையில் இருபது வருடம் குப்பை கொட்டியவன். அன்று வீட்டுக்குள் தலைகாட்டவில்லை.

ட்ரான்ஸ்ஃபர் நாற்காலி வேறு சாதி. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பவரைப் பின்னாலிருந்து இரண்டு பாதிகளாகச் சூழ்ந்து, இருக்கைத் தகடுகள் அடியில் போய்ப் பூட்டிக்கொள்ளும். துணி இல்லை, கொக்கி இல்லை, அந்தரத்தில் தொங்கும் பயமும் இல்லை. அப்படியே தள்ளிக்கொண்டு போய் வெஸ்டர்ன் கிளாசெட்டின்மேல் நிறுத்திவிடலாம். லிஃப்டரால் முடியாத காரியம் இது. எங்கள் குளியலறைக் கதவு இரண்டேகால் அடி, உள்ளே போனால் திரும்ப இடமில்லை. லிஃப்டரில் ஆளைத் தொங்கவிட்டு அறை அறையாக உருட்டிப் போவதும் தவறான உபயோகம்.

ஆனால் நாற்காலிக்கு நோயாளி உட்காரத் தெரிந்தவராக இருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் அப்பா உட்காரவைத்தால் வலப்பக்கமாகச் சரிவார். அவருக்கு அந்த நாற்காலி ஆபத்து. தரையில் விழுந்தவரையும் அதனால் எடுக்க முடியாது. நான்காம் மாதம் முதுகு நிமிர்ந்தபிறகு அதே நாற்காலி வரப்பிரசாதமாகிவிட்டது. நாற்காலியின் சக்கரம் குளியலறைப் படியில் இடிக்கும் வீடுகளில் ஒரு மரச்சரிவு போட்டுக்கொள்ள வேண்டும். எங்களுக்கு நான்கு அங்குலப் படி, இரண்டடி நீளச் சரிவு போட்டுச் செங்குத்தாகி, பிறகு நான்கடியாக நீட்டினோம்.

கூரையில் தண்டவாளம் பதித்துத் தூக்கும் வகையும் உண்டு. கான்கிரீட் தளமும் அதன் பலத்தைச் சொல்ல ஒரு பொறியாளரும் வேண்டும். எங்களுடையது ஓட்டு வீடு. பொள்ளாச்சியில் ஒரு பட்டறை நண்பர், "குழாயை வளைத்து நானே அடித்துத் தருகிறேன்" என்றார். எனக்கும் வெல்டிங் தெரியும். தெரிந்ததால்தான் வேண்டாம் என்றேன். 78 கிலோ ஆடி அசைந்து தொங்கும்போது பற்றவைப்புக்கு என்ன நடக்கும் என்பது சோதனை போட்டுப் பார்க்காமல் தெரியாது. அதைச் சோதிக்க வீட்டில் கிடப்பது அப்பா.

நோயாளியின் வலியையும் அவதியையும் குறைக்கும் தணிப்புச் சிகிச்சையின் நர்ஸ் வராதிருந்தால் நாங்கள் ஸ்லிங்கைத் தலைகீழாகவே மாட்டிக்கொண்டிருப்போம். கேரளத்தில் தணிப்புச் சிகிச்சை 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய இயக்கம். 2008-இல் கேரள அரசு அதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. அதன் பலனாகப் பஞ்சாயத்து வழியாக ஒரு நர்ஸ் வாசலுக்கே வருகிறார். அவர் மலையாளத்தில் "பதுக்கெ, பதுக்கெ" (மெதுவாக, மெதுவாக) என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார். முதலில் சிறுநீர்க் குழாய்ப் பையை எடுத்துத் தனியே வை. கால் பட்டைகளைத் தொடைக்கு அடியில் கொண்டுவந்து குறுக்கே மாற்றி மாட்டு. இரண்டு பக்கமும் ஒரே நிற வளையம். தோள் பக்கம் குட்டை வளையம் போட்டால் நிமிர்ந்து உட்காருவார், நீள வளையம் போட்டால் சாய்ந்து படுப்பார். மெத்தையிலிருந்து இரண்டு விரல் உயரம் தூக்கியதும் நிறுத்து, நான்கு கொக்கியையும் கையால் தொட்டுப் பார், பிறகு மேலே போ.

அம்மாவுக்கு ஒன்று மட்டும் மனத்துக்கு ஒப்பவில்லை: தூக்கும்போது லிஃப்டரின் சக்கரத்துக்குப் பிரேக் போடக் கூடாது என்பது. எல்லோருக்கும் போட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் பாரம் ஏறும்போது வண்டி கொஞ்சம் நகர்ந்து தன் நடுவைத் தானே தேடிக்கொள்கிறது. பிரேக் போட்டால் அது முடியாமல் சாயப் பார்க்கும். பெரும்பாலான கையேடுகள் இதைத்தான் சொல்கின்றன. பிரேக் போட வேண்டியது சக்கர நாற்காலிக்கு.

பராமரிப்பில் மூன்றுக்கும் பொதுவான எதிரி சக்கரத்தில் சுற்றும் முடி. எங்கள் வீட்டில் முடியோடு தேங்காய் நாரும் சேர்ந்துகொள்கிறது. மாதம் ஒரு முறை லிஃப்டரைச் சாய்த்துப் போட்டு, கொண்டை ஊசியால் அச்சிலிருந்து இழுத்து எடுப்பேன்; கைப்பிடி அளவு வரும். பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டு விதிமுறை, பணியிடங்களில் ஆட்களைத் தூக்கும் கருவியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்கிறது. எங்களை யாரும் கேட்கப் போவதில்லை. நானாக விஷுவுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டேன். தூணும் கையும் சேரும் போல்ட், கொக்கிச் சட்டம் தொங்கும் முளை, பற்றவைப்பு ஓரங்கள். முளைதான் கள்ளன். வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே பாதி தேய்ந்திருக்கும்.

ஸ்லிங்கை அம்மா "தூளி" என்பார். துவைத்ததும் தையலை நகத்தால் கீறிக் கீறிப் பார்ப்பார். நூல் எழும்பினால் அது அன்றோடு சரி. ப்ளீச்சிங் பவுடர் கூடாது, இஸ்திரி கூடாது, தேங்காய் காயும் களத்து வெயிலும் கூடாது. பாலிஸ்டர் வெயிலில் வெளுக்கும்போது பலமும் சேர்ந்து போகிறது. உட்காரவைத்த பிறகு சாதாரண ஸ்லிங்கை அடியிலேயே விட்டுவிடக் கூடாது; மடிப்பு அழுத்தி அழுத்திப் படுக்கைப் புண் வரும்.

ஆக, பகலில் ஒருவர் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு எலக்ட்ரிக்தான், கடன் வாங்கியாவது. இரண்டு பேர் எப்போதும் இருக்கும் வீடு, சீல் மாற்றத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறார் என்றால் ஹைட்ராலிக் போதும். மிச்சப் பணத்தில் நாற்காலியும் வாங்கலாம். தானாக உட்காரக் கூடியவருக்கு லிஃப்டரே வேண்டாம், நாற்காலி மட்டும்.

வாங்கப் போன அன்று கோயம்புத்தூர்க் கடையில் 25 கிலோ அரிசி மூட்டை நான்கைக் கொண்டுபோய் இறக்கினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான்கையும் ஸ்லிங்கில் வைத்துத் தூக்கி, கையின் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவிட்டு, அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்தோம். கை கோட்டிலேயே நின்றது. பணம் எண்ணிக்கொண்டிருந்தபோது அம்மா கடைக்காரரிடம் கேட்டார்: "தம்பி, தூளி இரண்டாகத் தாருங்கள். ஒன்றைத் துவைத்துப் போட்டால் மாற்றுக்கு வேண்டாமா?"