மீதி ஒன்று வரும் கதை: வகுத்தலுக்கு இரண்டு படப் புத்தகங்கள்

என் மகளுக்கு ஏழு வயது. 12-ஐ 4-ஆல் வகு என்றால் வாய்ப்பாட்டை முணுமுணுத்துவிட்டு 3 என்று சரியாகச் சொல்வாள், ஆனால் 12 பொத்தானை முன்னால் கொட்டி நாலு பேருக்குச் சமமாகப் பிரித்துக்கொடு என்றால் கை அப்படியே நின்றுவிடும். அதனால்தான் கணக்கை வைத்து எழுதிய படக்கதைகளைத் தேட ஆரம்பித்தேன். புரட்டிப் பார்த்தது நிறைய, வீட்டில் தங்கியது இரண்டு.

முதலாவது பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்த 'தி டோர்பெல் ராங்', 1986-இல் வந்தது. அம்மா பிஸ்கட் சுட்டு வைக்கிறார், பிள்ளைகள் இரண்டு பேர், ஆளுக்கு 6. வாசல் மணி அடிக்கிறது, இன்னும் இரண்டு பேர் வந்துவிடுகிறார்கள், ஆளுக்கு 3. மறுபடி மணி, பீட்டர் தன் தம்பியோடு வருகிறான், ஆளுக்கு 2. அப்புறம் இன்னொரு கூட்டமே வருகிறது, 12 பிஸ்கட்டுக்கு 12 பிள்ளைகள், அப்போதும் மணி அடிக்கிறது. இந்தக் கதையில் பிஸ்கட்டைப் பிரிக்காமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. நான் புரட்டிய மற்ற பலவற்றில் கதை தன் போக்கில் போகும், நடுவில் யாராவது வந்து "மொத்தம் எத்தனை?" என்று கேட்பார்கள், அந்தக் கேள்வியை எடுத்துவிட்டாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. பாடம் நடத்துகிறார்கள் என்று குழந்தைக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

ஒரு குறை உண்டு. 2, 4, 6, 12 எல்லாமே 12-ஐ மிச்சம் வைக்காமல் வகுக்கிற எண்கள். மூன்றாவது தடவை வாசிக்கும்போது மகளே கேட்டாள், "பீட்டர் தம்பியக் கூட்டிட்டு வராம தனியா வந்திருந்தா என்னம்மா பண்ணுவாங்க?" ஐந்து பேர், ஆளுக்கு 2, மிச்சம் 2. அது புத்தகத்தில் இல்லை.

அந்த இடத்தில்தான் எலினோர் பின்செஸின் 'எ ரிமெயின்டர் ஆஃப் ஒன்' (1995) வருகிறது. ராணி முன்னால் அணிவகுத்துப் போகிற 25 பூச்சிகள், அதில் ஜோ என்று ஒரு சிப்பாய். இரண்டு வரிசையாகப் போனால் ஜோ மட்டும் தனியாக நிற்கிறான். வரிசை கலைந்து தெரிவது ராணிக்குப் பிடிக்காது, அவனை ஒதுக்கிவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க யோசித்து மறுநாள் மூன்று வரிசை, அப்போதும் அவன்தான் மிச்சம். நாலு வரிசை, அப்போதும்.

இதை வாசிக்கும்போது பக்கத்தைத் திருப்பாமல் பொத்தானைக் கொடுத்துவிட வேண்டும். மூன்று வரிசையில் எட்டெட்டாக அடுக்கிவிட்டு மிச்சமான ஒன்றை என் மகள் தரையில் வைக்கவில்லை, உள்ளங்கையிலேயே மூடிக்கொண்டாள், "பாவம் ஜோ." நாலு வரிசையிலும் அதேதான். அப்புறம் யாரும் சொல்லாமல் அவளே ஐந்தைந்தாக அடுக்கி, கையில் இருந்ததைக் கடைசி இடத்தில் வைத்துவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்பச் சொன்னாள். மீதி என்றால் என்னவென்று நான் தனியாக விளக்கவே இல்லை.

25-ஐத் தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை. 2, 3, 4 மூன்றும் 12-ஐ மிச்சமில்லாமல் வகுப்பதால் 13-க்கும் மீதி ஒன்று வரும், 25-க்கும் ஒன்று வரும், ஆனால் 13 ஐந்து வரிசைக்கு ஒத்துவராது, 3 மிஞ்சும். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் இதையும் செய்து பார்க்கச் சொல்லலாம்.

ஜோ கதை முழுக்க ஆங்கிலப் பாட்டு நடையில் இருக்கிறது, தமிழில் சொன்னால் அந்தத் தாளம் போய்விடுகிறது, அதனால் நான் படத்தைக் காட்டி என் சொல்லில்தான் சொல்கிறேன். முதல் தடவை வாசிக்கும்போது ஒரு கேள்வியும் கேட்காதீர்கள், கதை கதையாகப் போகட்டும். வகுத்தல் குறியை எழுதிக் காட்டுவதெல்லாம் பொத்தான் விளையாட்டு முடிந்த பிறகு போதும். பிஸ்கட் கதை ஐந்து வயதுக்கே சரி, ஜோ கதைக்கு 25 வரை தடுமாறாமல் எண்ணத் தெரிய வேண்டும்.

நேற்று அவளாகவே 17 பொத்தானை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறு வரிசை வரைக்கும் அடுக்கிப் பார்த்துவிட்டாள், நான் ஒன்றும் சொல்லவில்லை.