வில்லோ விறகைச் சேமித்துவைத்தல்: சில்லாகவா, கழியாகவா?

மறுதாம்பு முறையில், அதாவது வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கவிட்டு வளர்க்கும் வில்லோ மரத்தைப் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, இலை உதிர்ந்த குளிர்காலத்தில் வெட்டுகிறோம். அப்போது அதன் எடையில் பாதிக்கு மேல், சில சமயம் 55 விழுக்காடு வரை, தண்ணீர்தான் இருக்கும். சிறிய மரச்சில்லுக் கொதிகலன்களுக்கோ 30 விழுக்காட்டைத் தாண்டினாலே திணறல்தான். தீ மந்தமாகி, புகை கூடி, புகைபோக்கியில் தார் படியத் தொடங்கிவிடும். ஆகவே வெட்டுவதற்கும் எரிப்பதற்கும் இடையில் உள்ள மாதங்களை எப்படிக் கடத்துவது என்பதில்தான் இந்த எரிபொருளின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. பச்சைச் சில்லாகக் குவிப்பது, சாணுக்கும் குறைவான துண்டுகளாக நறுக்கிக் குவிப்பது, முழுக் கழிகளாகவே அடுக்கிவைப்பது ஆகிய மூன்று வழிகளையும் பல அறுவடைகளில் பயன்படுத்திய பின், என் தேவைக்கு முழுக் கழிகளையே தேர்ந்துகொண்டிருக்கிறேன்.

வெட்டும் இயந்திரமே சில்லாக்கி வண்டியில் கொட்டிவிடுவதால், பச்சைச் சில்லு வேலையில் மிக எளிது. ஆனால் சில்லாக்கிய உடனே மரத்தின் பரப்பளவு பன்மடங்காகிறது. பட்டையிலும் இளந்தண்டிலும் உள்ள சர்க்கரையும் சத்தும் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் திறந்துவிடப்படுகின்றன. சில நாள்களிலேயே குவியலின் உட்பகுதி 60 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். காலையில் குவியலின் உச்சியிலிருந்து ஆவி எழுவதைப் பார்த்து, அது தானாகவே உலர்கிறது என்று மகிழ்பவர்கள் உண்டு. அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்: நாம் கொதிகலனில் எரிக்க வைத்திருக்கும் மரத்தை நுண்ணுயிர்கள் நமக்கு முன்பே எரித்துக்கொண்டிருக்கின்றன.

இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பாதி ஈரமுள்ள ஒரு டன் பச்சை வில்லோவில் 500 கிலோ உலர்மரம் உண்டு. அதிலிருந்து கிடைக்கும் பயன்வெப்பம் ஏறத்தாழ 8,000 மெகாஜூல். அது குவியலில் கிடந்து 30 விழுக்காடு ஈரத்துக்கு இறங்கி, அதற்குள் உலர்மரத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருந்தால், மிஞ்சுவது சுமார் 7,000 மெகாஜூல்தான். சில்லு முன்பைவிட நன்றாக எரியும், ஆனால் மொத்த வெப்பம் குறைந்திருக்கும். பச்சைச் சில்லுக் குவியலில் மாதத்துக்கு ஓரிரு விழுக்காட்டிலிருந்து நான்கைந்து விழுக்காடு வரை உலர்மரம் கரைவது இயல்பு என்பதால், ஐந்தில் ஒரு பங்கு என்பது மிகைப்படுத்திய கணக்கு அன்று. அதே ஒரு டன் முழுக் கழியாகவே கிடந்து, 5 விழுக்காடு மட்டும் இழந்து, 25 விழுக்காடு ஈரத்துக்கு உலர்ந்தால் கிடைப்பது சுமார் 8,400 மெகாஜூல்.

கோடை முடிவில் சில்லுக் குவியலை வெட்டித் திறந்தால் உள்ளே அடுக்கடுக்காகத் தெரியும். மேலே காய்ந்த மெல்லிய ஓடு. அதற்குக் கீழே, உள்ளிருந்து எழுந்த ஆவி குளிர்ந்து படிந்ததால், வெட்டிய அன்று இருந்ததைவிடவும் ஈரமான ஓர் அடுக்கு. அதில் சில்லுகள் சாம்பல்நிறப் பூசணத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாக வரும். நடுவில் பழுப்பேறி, எடை குறைந்து, புளித்த வாடை வீசும் பகுதி. ஒரே குவியலிலிருந்து காலையில் ஒரு தரமும் மாலையில் வேறொரு தரமுமாக ஊட்டினால் எந்தக் கொதிகலனையும் சீராக ஓட்ட முடியாது. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடினால் அந்த ஈர அடுக்கு இன்னும் தடிக்கிறது. மழையைத் தள்ளி ஆவியை மட்டும் வெளியே விடும் கம்பளித்துணி போன்ற விரிப்புகள் தேவலாம். ஆனாலும் அவை மழையைத் தடுக்குமே தவிர மட்குவதைத் தடுக்காது.

உடல்நலத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பூசணம் பிடித்த சில்லைக் கிளறும்போது எழும் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் வித்துகள் நிறைந்திருக்கும். தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி ஏற்படலாம். பொருத்தமான முகக்கவசம் இல்லாமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது. மூடிய சில்லு அறைக்குள் நுழையும் முன் கதவைத் திறந்து நன்றாகக் காற்றோட்டம் விட வேண்டும். உயிர்வாயு குறைந்தும் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தும் இருக்கக்கூடும். குவியலின் மேல் டிராக்டரை ஏற்றி இறுக்குவதும், புதிய சில்லைப் பழையதன்மேல் கொட்டுவதும் தீப்பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டும்.

முழுக் கழிகளில் இந்தத் தொல்லைகள் இல்லை. பட்டை உரியாத கழி மெதுவாகத்தான் உலரும், ஆனால் காற்று தாராளமாகப் புகுவதால் சூடேறுவதில்லை. திறந்த வெளியில், காற்று குறுக்கே வீசும்படி அட்டி போட்டால் (அடுக்கிவைத்தால்), கோடை முடிவதற்குள் 30 விழுக்காட்டுக்கோ அதற்குக் கீழேயோ இறங்கிவிடுகிறது. அடியில் தாங்குகட்டைகள் வைத்துத் தரையிலிருந்து உயர்த்துவது கட்டாயம். வில்லோ, போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட்டாலே துளிர்க்கும் மரம். ஈர மண்ணைத் தொட்ட கழி, அட்டிக்கு அடியிலேயே வேர்விட்டு நின்றுகொள்ளும். வசந்தத்தில் மேல்கழிகளும் துளிர்ப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்தத் துளிர்கள் தண்டின் நீரைக் குடித்துவிட்டு வாடிப்போகும். மண் ஒட்டாமல் இருப்பது சாம்பலுக்கும் நல்லது. பட்டை மிகுந்த மெல்லிய கழி என்பதால் வில்லோவின் சாம்பல் ஏற்கெனவே 1.5 முதல் 2 விழுக்காடு வரை வரும்; மண்ணும் சேர்ந்தால் அடுப்பில் உருகிக் கட்டியாகிவிடும்.

குறைகளும் உண்டு. இடம் மிகுதியாகப் பிடிக்கும். ஒரே பொருளை இருமுறை கையாள வேண்டும். காய்ந்த கழியைச் சில்லாக்கும்போது கத்தி விரைவில் மழுங்குகிறது, தூசியும் கூடுகிறது. மிலாறுகள் (மெல்லிய சுள்ளிகள்) குறுக்கே நறுங்காமல் நீளச் சிம்புகளாகத் தப்பி வந்து, கொதிகலனுக்குச் சில்லை ஊட்டும் திருகில் சிக்கிக்கொள்கின்றன. கத்தியைக் கூராக வைத்து, சல்லடையும் பொருத்தினால் இது பெரிதும் குறையும். நறுக்கிய துண்டுகள் இடைப்பட்ட வழி: காற்று புகும், இயந்திரத்தாலேயே அள்ளலாம், ஆனால் கூரை இருந்தால் நல்லது. வெட்டியதை அப்படியே வாங்கி ஈரத்தோடு எரிக்கும் பெரிய மின்நிலையத்துக்குக் கொடுப்பவர்களுக்குப் பச்சைச் சில்லே சரி, ஏனெனில் அங்கே சேமிப்பே நடப்பதில்லை.

ஈரத்தை அளக்க, மரத்தில் ஊசியைக் குத்திப் பார்க்கும் ஊசிமானியை நான் நம்புவதில்லை; 30 விழுக்காட்டுக்கு மேல் அது காட்டும் எண் ஏறத்தாழ ஊகம்தான். அட்டியின் பல ஆழங்களிலிருந்து எடுத்த மாதிரிகளைச் சில்லாக்கி, எடைபோட்டு, 105 டிகிரி செல்சியஸ் சூட்டடுப்பில் எடை மேலும் குறையாமல் நிலைக்கும் வரை வைத்து, மீண்டும் எடைபோட்டுக் கணக்கிடுகிறேன். முடிவு 30 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகே சில்லாக்கும் இயந்திரத்தை இயக்குகிறேன். அப்போதும் சில வாரங்களில் தீரக்கூடிய அளவுக்கு மட்டும்.