அக்கா மகளுக்கு ரத்தம் ஏற்பாடு செய்த அனுபவம் (சென்னை)

தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய்) உள்ள என் அக்கா மகளுக்கு சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை நடந்தது. அவள் அண்ணன்தான் டோனர். பிரிட்டனில் உள்ள லீட்ஸிலிருந்து நான் போனதும் ரத்தம் ஏற்பாடு செய்கிற வேலை என்னிடம் வந்தது, அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கீமோ கொடுத்து, ரத்தம் உருவாகும் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்த பிறகு, அண்ணனுடைய செல்கள் வேர்பிடிக்க 2 முதல் 4 வாரம் ஆகும். அதுவரை பிள்ளை ஊரார் ரத்தத்தில்தான் இருக்கிறாள். ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால் சிவப்பணு, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) 10,000க்குக் கீழே போனால் பிளேட்லெட், காய்ச்சலோ ரத்தக்கசிவோ இருந்தால் அதற்கு முன்பே ஏற்றுவார்கள். எல்லாப் பையும் வெள்ளணுக்களை வடிகட்டி, கதிர்வீச்சு கொடுத்ததாக இருக்க வேண்டும். கொடையாளியின் வெள்ளணுக்கள் எதிர்ப்பு சக்தி இல்லாத குழந்தை உடம்பில் தங்கிப் பெருகினால் அந்த உடம்பையே தாக்கும், அப்படி வந்தால் பிழைப்பது மிக அரிது. பையில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கிறது, கதிர்வீச்சு பட்டதும் அதிலுள்ள ‘நாட்’ என்ற சொல் மறைந்து ‘இர்ரேடியேட்டட்’ மட்டும் தெரியும். ஒவ்வொரு முறையும் இரண்டு சிஸ்டர்கள் கட்டில் பக்கத்தில் நின்று பை எண், குரூப், கைப்பட்டையில் உள்ள பெயர் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தார்கள், ஏற்ற ஆரம்பித்ததும் முதல் 15 நிமிடம் ஒருவர் நகரவே இல்லை. வார்டுக்குள் நடந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை, கையெடுத்துக் கும்பிடலாம்.

சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. பிள்ளை பி பாசிட்டிவ், அண்ணன் ஓ பாசிட்டிவ். அதனால் சிவப்பணு ஓ குரூப்பிலும் பிளேட்லெட் பி குரூப்பிலும் வந்தது, பார்த்த சித்தப்பா பதறிப்போய்விட்டார். போகப்போக அவள் குரூப்பே ஓ ஆகிவிடும் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. “எங்க ரத்தம் எங்க பிள்ளைக்கு ஆகாதா?” என்று அத்தை அழுதார். ஆகாதுதான். நெருங்கிய உறவின் ரத்தத்தை முன்பே ஏற்றினால் புது மஜ்ஜையை உடம்பு தள்ளிவிடும் ஆபத்து கூடும், கதிர்வீச்சு தப்பிப்போனால், வெள்ளணுக்கள் உடம்பைத் தாக்கும் ஆபத்தும் உறவினர் ரத்தத்தில்தான் அதிகம். அவர்கள் கொடுப்பது ரத்த வங்கியில் வேறு யாருக்காவது போகும்.

என் வருத்தமெல்லாம் ரத்தம் கொடுக்கும் டோனர்களைத் தேடும் பாரத்தைக் குடும்பத்தின் தலையில் வைப்பதில்தான். பிரிட்டனில் பெற்றோரிடம் யாரும் ஆள் கொண்டுவரச் சொல்வதில்லை. இங்கே ராத்திரி போன் வரும், “காலையில பிளேட்லெட்டுக்கு ரெண்டு டோனர் வேணும்” என்று. பிளேட்லெட் 5 நாள்தான் தாங்கும், அதுவும் ஆட்டிக்கொண்டே இருக்கும் மெஷினில் வைத்தால், அதனால் முன்கூட்டியே சேர்த்து வைக்கவும் முடியாது. தாம்பரத்திலிருந்து லீவு போட்டு வந்த பையனை நரம்பு மெலிசு என்று திருப்பி அனுப்பினார்கள், அவன் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை. இவ்வளவு கட்டணம் வாங்கும் இடம் தன்னார்வலர் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டாமா? காசு கொடுத்தால் டோனர் அனுப்புகிறேன் என்று அத்தானுக்கு ஒரு போன்கூட வந்தது. ரத்தத்துக்குக் காசு வாங்குவது 1998லிருந்தே தடை, தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து உதவ நினைப்பவர்கள் பணத்தோடு நிறுத்த வேண்டாம். அட்மிஷனுக்கு முன்பே உங்கள் பள்ளி, கல்லூரி வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டு, என்ன குரூப், 50 கிலோவுக்கு மேல் இருக்கிறார்களா, ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்களா, பிளேட்லெட் கொடுக்க ஒன்றரை மணி நேரம் உட்கார முடியுமா என்று விசாரித்து, முடிந்தவரை பெரிய பட்டியலாகப் போடுங்கள். பிளேட்லெட் கொடுத்தவர் 48 மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

அப்புறம் ஒன்று, வீட்டுக்கு வந்த பிறகும் டாக்டர் சொல்லும்வரை கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தான் ஏற்ற வேண்டும். பிரிட்டனில் இதற்கென்றே தனி அட்டை தருவார்கள். இங்கே நாங்கள் கேட்டுத்தான் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வாங்கினோம். நீங்களும் கேட்டு வாங்குங்கள்.